உறவினர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ஹவுசிங் பெனிஃபிட் கேட்கலாமா?

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களில் இந்த விஷயத்தைப் பற்றி இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "சொந்தக்காரர் வீடு என்றால் ஒரு பென்னியும் கிடைக்காது" என்பது ஒன்று. "மகன் ஒரு அக்ரிமெண்ட் எழுதிக் கொடுத்தால் போதும், கவுன்சில் கொடுத்துவிடும்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் பேச்சை நம்பிய முதியவர்கள் தங்களுக்கு உரிய உதவியைக் கேட்காமலேயே பென்ஷன் பணத்தில் வாடகை கட்டிச் சிரமப்படுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் சில வருடங்கள் கழித்து வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டியவர்களாகிறார்கள். சிலர் மோசடி விசாரணைக்கும் ஆளாகிறார்கள்.

சட்டம் உறவை மட்டும் பார்ப்பதில்லை. அது முக்கியமாகக் கேட்பது, இது உண்மையான வாடகையா என்பதைத்தான். மற்ற விதிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

எங்கே கேட்பது?

அரசு ஓய்வூதிய வயதை அடைந்தவர்கள் தங்கள் பகுதிக் கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிஃபிட் கேட்க வேண்டும். அந்த வயது 66. 2026 ஏப்ரலிலிருந்து 2028-க்குள் அது படிப்படியாக 67 ஆகிறது. அதற்குக் குறைந்த வயதினருக்குப் பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட்டின் வீட்டுச் செலவுப் பகுதிதான். தற்காலிகக் குடியிருப்பிலோ பராமரிப்புடன் கூடிய விடுதியிலோ இருப்பவர்களுக்கு மட்டும், வயது எதுவானாலும், கவுன்சில் வழி திறந்திருக்கிறது.

நம் வீடுகளில் கணவன் மனைவிக்கு இடையே வயது வித்தியாசம் அதிகம். வாப்பாவுக்கு 69, உம்மாவுக்கு 61 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 மே 15-க்குப் பிறகு புதிதாக விண்ணப்பிக்கும் இப்படிப்பட்ட தம்பதியர் யுனிவர்சல் கிரெடிட்டில்தான் கேட்க வேண்டும். உம்மாவும் ஓய்வூதிய வயதை அடைந்த பிறகே கவுன்சிலுக்குப் போகலாம். இது தெரியாமல் கவுன்சிலில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் மாதங்கள் வீணாகும்.

ஒரே வீட்டில் இருந்தால்

வீட்டுக்காரர் உங்களோடு அதே வீட்டில் வசித்து, அவர் நெருங்கிய உறவினராகவும் இருந்தால் உதவி கிடையாது. நீங்கள் மாதாமாதம் வங்கி வழியாகக் கொடுத்தாலும், அக்ரிமெண்ட் முத்திரையோடு இருந்தாலும் கிடையாது.

நெருங்கிய உறவினர் யார் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் உண்டு: தாய், தந்தை, மாமனார், மாமியார், மகன், மகள், மருமகன், மருமகள், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, துணையின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகள், சகோதரன், சகோதரி, மற்றும் இவர்களுடைய கணவன் அல்லது மனைவி. உங்கள் துணைக்கு இப்படி உறவானவரும் இதில் அடங்குவார். எனவே மனைவியின் காக்கா வீட்டில், அவரோடு சேர்ந்து இருந்துகொண்டு வாடகை உதவி கேட்க முடியாது.

சாச்சா, பெரியவாப்பா, மாமா, மாமி, பாட்டனார், அண்ணன் மகன், சாச்சா மகன் ஆகியோர் அந்தப் பட்டியலில் இல்லை. நம் பேச்சு வழக்கில் சாச்சா வாப்பாவுக்குச் சமம். ஆங்கிலேயச் சட்டத்துக்கு அப்படியில்லை. ஆகவே சாச்சா வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்குபவருக்கு வழி முற்றிலும் மூடவில்லை. ஆனால் அந்த வாடகை உண்மையானதா என்ற கேள்வி அங்கே இன்னும் கூர்மையாகக் கேட்கப்படும்.

ஒரே கட்டடம் ஆனால் தனிக் கதவு, தனிச் சமையலறை என்றால் கணக்கு மாறலாம். சமையலறையைப் பகிர்ந்துகொண்டால் ஒரே வீடாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். குளியலறை, நடைவழி ஆகியவற்றை மட்டும் பகிர்வது வேறு.

தனி வீடாக இருந்தால்

மகன் ஹாரோவில் இருக்கிறார். ஈஸ்ட்ஹாமில் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது. அதில் வாப்பாவும் உம்மாவும் வாடகைக்கு இருக்கிறார்கள். இவர்கள் கேட்கலாம். வீட்டுக்காரர் மகன் என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது. ஆனால் அந்த ஏற்பாடு வணிக அடிப்படையில் அமைந்திருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் வாடகை கொடுக்கும் பொறுப்பே உங்களுக்கு இல்லை என்று கருதி மறுத்துவிடுவார்கள்.

வணிக அடிப்படை என்றால் என்ன என்று சட்டம் வரி வரியாகச் சொல்லவில்லை. அதிகாரிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வாடகைத் தொகையை யார், எதை வைத்து முடிவு செய்தார்? முன்பு அந்த வீட்டில் யார் இருந்தார்கள், அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்? நீங்கள் காலி செய்தால் வேறொருவருக்கு வாடகைக்கு விடுவாரா? இதுவரை வாடகை உண்மையில் கைமாறியதா? ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனைகளை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியுமா?

எல்லாவற்றையும்விடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு: "மூன்று மாதம் வாடகை வரவில்லை என்றால் உங்கள் மகன் என்ன செய்வார்?" நம்மவர்கள் பெருமையோடு சொல்லும் பதில், "என் பிள்ளை என்னை வெளியே போகச் சொல்வானா?" என்பது. மகனைப் புகழ்வதற்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியமே மறுப்புக் கடிதத்தில் காரணமாக வந்து நிற்கலாம். இதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. வீட்டுக்கு மார்ட்கேஜ் தவணை போகிறது, வாடகை வராவிட்டால் மகனால் அதைக் கட்ட முடியாது, வீட்டை வெளியாருக்கு விட வேண்டிவரும் என்பதுதான் நிலைமை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். நிலைமை அப்படி இல்லை, வாடகை வந்தாலும் வராவிட்டாலும் மகனுக்கு ஒன்றுமில்லை என்றால், அது வாடகையா என்பதை நீங்களே யோசிக்க வேண்டும்.

சந்தை வாடகையைவிடக் குறைவாக வாங்குவது மட்டுமே குற்றமாகாது. அந்தத் தெருவில் 1,200 பவுண்டு போகும் வீட்டை மகன் 1,000 பவுண்டுக்கு விட்டால் அதை விளக்கிச் சொல்லலாம். 100 பவுண்டு என்றால் விளக்குவது கடினம்.

உதவித்தொகையை வாங்குவதற்காகவே உருவாக்கப்பட்ட வாடகை என்று தெரிந்தாலும் மறுப்பார்கள். பல வருடம் இலவசமாக இருந்தவர், மனு கொடுப்பதற்கு முந்திய வாரத்திலிருந்து திடீரென வாடகைக்காரர் ஆவது இந்தச் சந்தேகத்தைக் கிளப்பும். வாடகையைக் கணக்கில் போட்டுவிட்டு, அதே பணத்தை மகன் ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பது சந்தேகம் என்ற அளவைத் தாண்டிய ஏமாற்று. ஆனால் உதவித்தொகை கிடைக்கும் என்று தெரிந்தே ஒருவர் வாடகைக்கு வந்தார் என்பது மட்டும் தவறு ஆகாது. வாடகை உதவி பெறும் எத்தனையோ பேர் அந்த நம்பிக்கையில்தான் வீடு எடுக்கிறார்கள்.

எழுதிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்

வாய்மொழி வாடகையும் சட்டப்படி செல்லும். ஆனால் அதை நிரூபிப்பது சிரமம். "வாப்பாவிடம் கையெழுத்து வாங்குவதா?" என்று மகன்கள் கூச்சப்படுகிறார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282-ஆவது வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது. அதில் உறவினருக்கு விலக்கு இல்லை. வாடகையும் காலமும் தெளிவாக இருப்பது இஜாரா ஒப்பந்தத்தின் நிபந்தனை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே என்றால் அது தளர்ந்துவிடாது.

எனவே டெனன்சி அக்ரிமெண்ட் எழுதுங்கள். வாடகையை வங்கி வழியாக, குறித்த தேதியில் செலுத்துங்கள். டெபாசிட் வாங்கினால் 30 நாளுக்குள் அதைப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். எரிவாயு இணைப்பு உள்ள வீட்டுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. மார்ட்கேஜ் கொடுத்த நிறுவனத்திடம், அது இஸ்லாமிய வீட்டு நிதித் திட்டமாக இருந்தாலும், வாடகைக்கு விட அனுமதி பெற வேண்டும். வரும் வாடகை மகனுடைய வருமானம். ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்கு மேல் போனால் வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கவுன்சிலிடம் வாடகை என்றும் வரித்துறையிடம் ஒன்றுமில்லை என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

பெற்றோரிடம் வாடகை வாங்குவது மார்க்கத்தில் கூடுமா என்றும் கேட்கிறார்கள். வசதியற்ற பெற்றோரின் ஜீவனாம்சம் வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் இதுவே நிலை. தங்குமிடமும் அதில் அடங்கும். தவணை கட்டித் திணறும் மகன் வாடகை வாங்குவதில் குறை காண மாட்டேன். கடனில்லாத வீடும் நல்ல வருமானமும் உள்ள மகன், ஏழைப் பெற்றோர் பெயரில் அரசுப் பணம் வரட்டும் என்பதற்காக மட்டும் வாடகை நிர்ணயித்தால் அது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டமும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் கை வைக்கிறது.

கவனிக்கப்படாத சில விதிகள்

ஹவுசிங் பெனிஃபிட்டில், கடந்த 5 ஆண்டுக்குள் உங்களுக்கே சொந்தமாக இருந்த வீட்டில் இப்போது வாடகைக்கு இருந்தால் பொதுவாக உதவி இல்லை. வீட்டை விற்காமல் அங்கே தொடர்ந்து இருக்கவே முடியாத நிலை இருந்தது என்று காட்டினால் மட்டும் விலக்கு. வீட்டை மகன் பெயருக்கு மாற்றிவிட்டு அவரிடமே வாடகைக்கு இருக்கும் யோசனை இதில் அடிபடும். உதவி பெறுவதற்காகச் சொத்தைக் கைமாற்றினார் என்று கருதினால், அதன் மதிப்பை இன்னும் உங்கள் கையில் உள்ளதாகவே கணக்கிடுவார்கள்.

தலாக் அல்லது குல்உ ஆன பெண், கணவரோடு வாழ்ந்த அதே வீட்டில் இருந்துகொண்டு அவருக்கே வாடகை கொடுத்தால் ஹவுசிங் பெனிஃபிட் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசும்போது "வீட்டில் இரு, வாடகை கவுன்சில் தரும்" என்று முடித்துவைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வீசாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பொது நிதி உதவி எதையும் பெற முடியாது. ஸ்பான்சரின் எழுத்துமூல உறுதிமொழியின் பேரில் நிரந்தர அனுமதி பெற்று வந்த பெற்றோருக்கு 5 ஆண்டுகள் தடை உண்டு. ஸ்பான்சர் இறந்துவிட்டால் அந்தத் தடை நீங்கலாம்.

சேமிப்பும் சொத்தும் 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவி இல்லை. பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி பெறுபவர்களுக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. ஊரில் உள்ள மனை, வாடகைக்கு விட்ட கடை, வாரிசாக வந்த பங்கு எல்லாம் சொத்துதான். காயல்பட்டினத்திலோ காத்தான்குடியிலோ இருப்பது இங்கே தெரியாது என்று விட்டுவிடாமல் படிவத்தில் எழுதுங்கள். வயதான நெருங்கிய உறவினர் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட விதி உண்டு. அதை ஆலோசகரிடம் கேட்டு, ஆதாரத்தோடு கோருங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

தனியார் வாடகைக்கு லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற உச்சவரம்பு உண்டு. அது பகுதியையும் உங்களுக்குத் தேவையான அறைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. தம்பதியர் மட்டும் என்றால் ஓர் அறை வீட்டின் விகிதம்தான். மகனின் வீட்டில் மூன்று அறை இருப்பதால் மூன்றுக்கும் கிடைக்காது. வாடகை, வரம்பு இரண்டில் குறைந்ததையே எடுத்து, அதிலிருந்து உங்கள் வருமானத்துக்கு ஏற்பக் கழிப்பார்கள்.

ஓய்வூதிய வயதினர் தகுதி இருந்தால் மனு கொடுத்த நாளுக்கு முந்திய 3 மாதம் வரை பின்னோக்கிப் பெறலாம். யுனிவர்சல் கிரெடிட்டில் அது ஒரு மாதம் வரைதான், அதுவும் குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கவுன்சில் முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லவோ தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யவோ ஒரு மாதம் அவகாசம். யுனிவர்சல் கிரெடிட்டில் முதலில் மறுபரிசீலனை கேட்டாக வேண்டும், பிறகே தீர்ப்பாயம். உறவினரிடம் வாடகைக்கு இருப்பவர்களின் மனு முதல் கடிதத்திலேயே மறுக்கப்பட்டாலும் மேல்முறையீட்டில் நிலைக்கலாம். அப்போது வங்கி அறிக்கை, அக்ரிமெண்ட், மார்ட்கேஜ் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோரோடு போகும்போது, வீட்டுக்காரரான மகனே மொழிபெயர்க்காமல் வேறொருவரை அழைத்துச் செல்வது நல்லது.