பட்டறை: ஒரு சொல்லும் அது தாங்கும் அடியும்

வீட்டுச் சில்லறைப் பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர் முதலில் கருவிகளை வாங்குகிறார். சுத்தியல், திருப்புளி, ஸ்பேனர் செட், டிரில். கையில் இன்னும் காசு இருந்தால் ஆங்கிள் கிரைண்டர். பெட்டி நிறைந்துவிடுகிறது, வேலையை வைத்துச் செய்ய ஓர் இடம் மட்டும் இல்லை. வாசற்படியிலும் சமையல் மேடையிலும் தொடைமேலும் வேலை நடக்கிறது. நழுவும் பொருளைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கிறார்கள். காயம் படுவதும் அங்கேதான். எட்டயபுரம், கோவில்பட்டிக் கரிசல்காட்டுப் பக்கம் இத்தகைய வேலைக்கென்று அமைந்த இடத்துக்குப் பட்டறை என்று பெயர். லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, கலப்பைக் கொழு தட்டும் கொல்லன் பட்டறை, தங்கம் உருக்கும் நகைப் பட்டறை என்று ஊருக்குள் பலவகை உண்டு. அந்தச் சொல் வந்த வழியைப் பார்த்தால் நம் வாங்கும் வரிசை தலைகீழாக இருப்பது விளங்கும். பட்டறை தொடக்கத்தில் இடத்தின் பெயராக இருக்கவில்லை. அடியைத் தாங்கும் ஒரு பொருளின் பெயராக இருந்தது.

சொல்லின் பழைய வடிவம் பட்டடை. கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் கல் அல்லது இரும்புக் கட்டி அது. திருக்குறளில் கூடா நட்பு அதிகாரத்தின் முதல் குறளே (821) அதை உவமையாக எடுத்துக்கொள்கிறது. உள்ளத்தில் ஒட்டாமல் வெளியே மட்டும் நண்பராக நடப்பவர், தக்க இடம் வாய்த்ததும் தாக்குதலுக்குத் துணைபோகும் பட்டடை போன்றவர் என்பது கருத்து. வெட்டுவிழும் வரை தாங்குவதுபோல் இருந்து, விழும்போது துண்டாக உதவுகிறதே என்று பரிமேலழகர் அந்த உவமையை விரிக்கிறார். தாங்கும் பொருள் சும்மா கிடக்கிறது என்று வள்ளுவர் நினைக்கவில்லை; வெட்டில் பாதி வேலை அதனுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் இதே சொல் இசைக்குப் போகிறது. இளி என்னும் நரம்புக்குப் பட்டடை என்று பெயர் சொல்லி, பண்களுக்கெல்லாம் அது அடிமணை என்று உரையாசிரியர் அடியார்க்குநல்லார் காரணம் காட்டுகிறார். உழவிலும் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. சின்ன வெங்காயத்தைத் தரை ஈரம் படாமல் உயர்த்திய மேடைமேல் காற்றோட்டமாக அடுக்கி மூடிவைப்பதைத் தமிழ்நாட்டு உழவர்கள் வெங்காயப் பட்டறை என்கிறார்கள். இரும்பு, இசை, வெங்காயம் மூன்றுக்கும் நெருப்போ சுத்தியலோ பொதுவில்லை. மேலே ஒன்று நிற்க, கீழே அசையாமல் ஒன்று கிடக்கிறது என்பது மட்டுமே பொதுவாக மிஞ்சுகிறது.

பட்டடை எப்படிப் பட்டறை ஆனது? இரண்டு டகரம் அடுத்தடுத்து வரும்போது நாக்கு ஒன்றை மாற்றிக்கொள்வது இயல்பு. இங்கே பின்னது றகரமானது. மாறியதும் இன்னொன்று நடந்தது. சொல்லின் வாலில் 'அறை' என்ற ஒலி தெரிந்தது. அறை என்றால் வீட்டின் உட்பகுதி. ஆகவே பட்டறை என்பது தொழில் நடக்கும் அறை என்ற எண்ணம் படிந்தது. அறைதல் என்றால் அடித்தல், அடித்து வேலைசெய்யும் இடம் என்பதால் இப்பெயர் என்று சொல்வாரும் உண்டு. இரண்டு விளக்கங்களுக்கும் பழைய வடிவம் இடம் கொடுக்கவில்லை. பட்டடையில் அறையே கிடையாது. வேப்பமரத்து நிழலில் சுவரும் கூரையும் இல்லாமல் உலை மூட்டும் கொல்லனுடையதையும் ஊர் பட்டறை என்றே சொல்கிறது. இடத்துக்குப் பெயர் போனபின் பொருளுக்குத் தனிப் பெயர் தேவைப்பட்டது. அதனால்தான் இன்றைக்குப் பட்டறைக்கல் என்கிறோம். முழு இரும்பாக இருந்தாலும் அது கல்தான். கரிசல் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடிகள் நிறைய. எட்டயபுரம் ஜமீன் குடும்பமும் அவ்வழியே. தெலுங்கில் பட்டெட என்றும் கன்னடத்தில் பட்டடெ என்றும் வழங்குவதால், நாயக்கர் ஆட்சியோடு வடக்கேயிருந்து வந்த சொல்லாக இருக்கலாமே என்று கேட்கலாம். நாயக்கர் ஆட்சிக்குப் பல நூற்றாண்டு முந்திய குறளில் சொல் இருப்பதால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. மூன்று மொழிக்கும் பொதுவான திராவிடச் சொத்து என்பதே பொருந்தும். மூன்றிலும் அடிகல்லும் வேலைசெய்யும் இடமும் ஒரே சொல்லடியில் வருவது நம் வாதத்துக்கு வலு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கொல்லனின் இடத்துக்கு உலை, உலைக்களம் என்ற பெயர்களும் பழையவைதானே, நெருப்பால் பெயர் பெற்ற இடத்தை அடிகல்லால் பெயர் பெற்றதாக ஏன் உயர்த்த வேண்டும்? கேள்வி நியாயமானது. ஆனால் அந்த இரண்டு பெயர்களில் எது பரவியது, எது தேங்கியது என்பதில் விடை இருக்கிறது. உலைக்களம் சூட்டுவேலையோடு நின்றுவிட்டது. தச்சனுக்கு உலை இல்லை, லேத்துக்கும் இல்லை, கடிகாரம் பழுது பார்ப்பவருக்கும் இல்லை. வேலைப்பொருளைத் தாங்கும் ஒன்று மட்டும் எல்லோருக்கும் வேண்டும். ஆகவே கைத்தொழில் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் பட்டறையால் ஆக முடிந்தது. மற்ற மொழிகள் வேறு வழியில் போயின. பாரசீகத்திலிருந்து வந்த கார்கானா வேலை வீடு என்று சொல்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் அத்தலியே தரையில் சிதறிய மரச்சிராய்க்கான பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் குப்பையைப் பார்த்தார்; தமிழ் அடியில் கிடந்ததைப் பார்த்தது. ஒரு சொல்லின் மூலப்பொருள் இன்றைய பயன்பாட்டுக்குச் சட்டமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கவிதைப் பட்டறையிலும் பயிற்சிப் பட்டறையிலும் கல்லைத் தேட வேண்டியதில்லை. இருந்தும் கை, இரும்பு, மரம் என்று வரும்போது மூலப்பொருள் சொல்வதை இயற்பியலும் சொல்கிறது.

பட்டறைக்கல் எடையில் சுத்தியலைப்போல் பல மடங்கு இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடியின் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கீழே இருப்பது கனமாகவும் அசையாமலும் இருந்தால் அந்த ஆற்றல் இரும்பை நசுக்குவதில் செலவாகும். கீழே இருப்பது லேசாக இருந்தால் அதைத் துள்ள வைப்பதிலும் கையை உதறுவதிலும் போகும். அதனால்தான் கல்லைத் தரையில் அப்படியே வைக்காமல், குழி வெட்டி இறக்கிய தடித்த மரக்கட்டையின் தலையில் பதிக்கிறார்கள். கரிசலில் இதற்கு இன்னொரு கவனமும் வேண்டும். இந்த மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரைக் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கிப் பிளக்கும். மாடு கால் வைத்தால் சிக்கும் அளவுக்கு வெடிப்பு விழும். மான்ட்மாரிலோனைட் என்னும் களிமண் கனிமம் இதற்குக் காரணம். கட்டடம் கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளையும் மணலையும் நிரப்புவார்கள். இந்த மண்ணுக்கென்றே அடியில் குமிழ்போல் விரியும் காங்கிரீட் தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. வீட்டுப் பின்கட்டில் வேலைமேசை போடுகிறவருக்கு அந்த அளவு தேவையில்லை. ஆனால் வெறும் மண்ணில் மேசைக்கால் ஊன்றக் கூடாது. நான்கு காலுக்கும் கீழே பலகைக்கல் போட வேண்டும். மழைக்குப் பின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆடுகிற காலுக்கு அடைகொடுக்க வேண்டும். விரிசல் ஓடும் சுவரில் பெஞ்ச் கிரைண்டரை முடுக்குவது ஆபத்து.

மேசை நின்றுவிட்டால் அடுத்து வாங்க வேண்டியது, பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். டிரில்லுக்கு இன்னும் முறை வரவில்லை. வீட்டுவேலையில் படும் கைக்காயங்களின் வகைகளை எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். சுவிட்ச் போர்டை உள்ளங்கையில் வைத்துத் திருகாணி கழற்றும்போது திருப்புளி நழுவினால் அது போய்ச் சேரும் இடம் அந்த உள்ளங்கைதான். மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துத் துளையிடும்போது, பிட் மறுபக்கம் வெளியேறும் கணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். தகட்டின் ஓரம் அப்போது கத்தி. அதே தகட்டை இரண்டு மரப்பலகைக்கு நடுவே வைத்து சி கிளாம்பால் இறுக்கினால் சுழலவும் வழியில்லை, துளையும் பிசிறில்லாமல் விழும். ஹேக்ஸா பிளேடு ஒடிவது பெரும்பாலும் பிளேடின் குற்றமில்லை, பொருள் ஆடுகிறது. அறுக்கும் இடத்தை வைஸின் வாய்க்கு ஒட்டிக் கொண்டுவந்து, பல் முன்னோக்கி இருக்குமாறு பிளேடை மாட்டி, முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தினால் போதும். மெருகு கெடக் கூடாத பொருளானால் வைஸ் வாயில் இரண்டு மரத்துண்டோ அலுமினியத் தகடோ வைக்கலாம். கைப்பிடியில் பைப்பைச் சொருகி நெம்புவது வைஸின் திருகைக் கெடுக்கும். சுத்தியலுக்கும் இந்த வட்டாரத்தில் தனிக் கவனம் உண்டு. வறண்ட வெயிலில் மரப்பிடி சுருங்கித் தலை ஆடத் தொடங்கும். தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது வழக்கம். மரம் உப்பி அன்றைக்கு நிற்கும், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். தலைப்பக்கம் ஆப்பு அடிப்பதே நிலையான வழி. பிடியில்லாத அரத்தைப் பயன்படுத்துவது இன்னும் மோசம்; அரம் தடைப்பட்டு நின்றால் அதன் கூர்வால் உள்ளங்கைக்குள் இறங்கும்.

இங்கே இன்றைய கருவிப் பிரியர் குறுக்கிடுவார். இப்போது எல்லாம் கைக்கு அடக்கமான மின்கருவிகள், கருவியே வேலையிருக்கும் இடத்துக்குப் போகிறது, மேசையும் வைஸும் பழைய காலத்துச் சமாச்சாரம் என்பார். சுத்தியல் ஓங்கியபின் விழ ஒரு நொடி ஆகும். தப்பிக்க அதில் இடம் உண்டு. 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அறுபடும் குழாய் தளர்ந்து சக்கரத்தை இடுக்கினால், கருவி உதறித் திரும்புவதைக் கண் பார்ப்பதற்குள் அது நடந்து முடிந்திருக்கும். வேகம் கூடக்கூடப் பிடிமானத்தின் தேவை கூடுமே தவிரக் குறையாது. கருவி இடம்பெயரலாம், தாங்கும் ஒன்றும் அதனோடு போக வேண்டும். கிளாம்ப் அதற்குத்தான். கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது. சக்கரத்தில் அச்சிட்டுள்ள உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிட அதிகமா என்று பார்க்க வேண்டும். பிசின் சேர்த்துச் செய்த சக்கரங்களில் காலாவதித் தேதி இருக்கும். பொதுவாகத் தயாரித்து 3 ஆண்டு, அதற்குமேல் ஓட்டக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் வேண்டும். நிலை டிரில்லில் துணிக் கையுறை வேண்டாம். சுழலும் பிட் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

மின்சாரத்துக்கும் அடியில் தாங்க ஒன்று வேண்டும். எர்த் குழி அது. இரும்பு உடல் கொண்ட கருவியில் ஒயர் உள்ளே உரசினால், கசியும் மின்சாரம் மனிதன் வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக வழி செய்வது அதுதான். கோடையில் கரிசல் சுருங்கி எர்த் கம்பியை விட்டு விலகும். ஈரமில்லாத இடைவெளி அதைப் பெயரளவுக்கு எர்த் ஆக்கிவிடும். குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதும், ஆண்டுக்கொரு முறை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்ப்பதும் இங்கே கட்டாயம். அதோடு 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும்.

கடைசி மறுப்பு பணமும் இடமும் பற்றியது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பஞ்சாலைக்கும் வேலைக்குப் போய், ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவர் வேலைமேசைக்கு எங்கே போவார்? அறை என்று நினைப்பதால் வரும் சிக்கல் இது. பட்டடை என்று நினைத்தால் சிறியதாகிவிடும். ஒன்றரை அங்குல கனத்தில் ஒரு பலகை, அதில் போல்ட் போட்டு முடுக்கிய சிறிய வைஸ், பலகையைத் திண்ணையோடு இறுக்க இரண்டு சி கிளாம்ப் இருந்தால் போதும். வேலை முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். ஆங்கிள் கிரைண்டரின் விலையை முதலில் இதற்குச் செலவழிப்பவர், பின்னால் வாங்கும் எந்தக் கருவியையும் பாதுகாப்பாக ஓட்டுவார். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவரிடம் பெட்டி நிறையக் கருவி இருக்கும், பட்டறை இருக்காது.