மையும் மெய்யும்

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்று மதுரையைப் போற்றுகிறோம். புலவர் பலர் கூடி ஆராய்ந்து ஒப்பிய பின்னரே நூல் அரங்கேறும் என்பது நம் மரபு கூறும் செய்தி. அச்சுத் தொழிலுக்கும் அத்தகைய சங்கம் வேண்டுமோ? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

1942-ஆம் ஆண்டில் சி. பா. ஆதித்தனார் இம்மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். அந்நாளில் தமிழ் அச்சகங்களில் ஈய எழுத்துகளைப் பெரும்பாலும் கையாலேயே கோத்தனர். ணை, லை, னா, றா முதலிய 13 எழுத்துகள், பிற எழுத்துகளைப் போலன்றித் தனித்த வடிவம் பெற்றிருந்தன. பெரியார் 1935-இலேயே தம் ‘குடி அரசு’ இதழில் அவற்றை எளிமையாக்கிக் காட்டினார். ஆயினும் ஓர் இதழ் மாறினால் நாடு மாறிவிடுமா? 43 ஆண்டுகள் கழிந்து, 1978-இல் தமிழக அரசு ஆணையிட்ட பின்னரே அவ்வடிவம் பொதுவாயிற்று. பழைய வடிவத்தில் எழுதப் பழகிய நான், ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பில் நின்றபோது புதிய வடிவத்தையே கற்பித்தேன்.

அரசாணை ஒரு வழி. தொழில் புரிவோர் தாமே கூடி உடன்படுவது மற்றொரு வழி. இந்தியப் பத்திரிகை உரிமையாளர்கள் 1939-இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். உலகளவில், செய்தித்தாள் வெளியிடுவோரின் கூட்டமைப்பு 1948-இல் தோன்றியது. பத்திரிகைச் சுதந்திரத்தைக் காப்பது அதன் தலையாய நோக்கம். வண்ண அச்சின் நுட்பங்களை ஆராய 1961-இல் வேறோர் அமைப்பு எழுந்தது. இவ்விரு மரபுகளும் 2009-இல் இணைந்து ‘வான்-இஃப்ரா’ என்னும் ஒரே சங்கமாயின.

வண்ணத்திற்குச் சங்கம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். நாளிதழின் வண்ணப்படம் நீலம், செந்நிறம், மஞ்சள், கருப்பு என்னும் நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் ஆவது. செய்தித்தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் பரந்துவிடும். மை மிகுந்தால் மறுபக்கத்திலும் ஊறும். ஆகவே நான்கு மைகளும் ஓரிடத்தில் முழுமையாகப் படிந்தால் 400 விழுக்காடு என்று கொண்டு, மொத்த மை அதனினும் மிகக் குறைந்த ஓர் அளவை மிகலாகாது என வரையறுத்துள்ளனர். ஐ.எஸ்.ஓ. 12647-3 என்னும் அனைத்துலகத் தரம் இத்தகைய அளவுகளைக் கூறுகிறது. இவ்வொழுங்கு இருந்தால்தான், மதுரைச் சுங்குடிச் சேலையின் விளம்பரம் எந்த ஊரில் அச்சானாலும் அச்சேலை தன் நிறம் மாறாமல் தோன்றும்.

விற்பனையில் ஒருவரையொருவர் முந்த முயலும் பத்திரிகைகள் இவ்வாறு அளவில் உடன்படுவது பாராட்டத்தக்கது. ஆனால், அளவில் ஒற்றுமை வேண்டும் என்பதனால் கருத்திலும் ஒற்றுமை வேண்டும் என்று கொள்ளலாகாது. எல்லா இதழ்களும் ஒரே குரலில் பேசினால் சுதந்திரம் என்னாவது? மாணவர்களே, சங்கத்தின் அளவுகோல் மையை அளக்கும், மெய்யை அளக்காது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் காலையில் நாளிதழை விரிக்கும் வாசகர் இரண்டு மூன்று இதழ்களை ஒப்பிட்டு நோக்கியே மெய்யை அறிதல் வேண்டும். அப்பயிற்சியை இளமையிலேயே தொடங்குவீராக.