லேடீஸ் சீட், ஏற்காடு

லேடீஸ் சீட், சேலம் மாவட்டம் ஏற்காட்டில் சேர்வராயன் மலையின் தென்மேற்கு விளிம்பில் அமைந்த காட்சிமுனை. இங்கிருந்து சேலம் மாநகரம் முழுவதையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் காணலாம். பாறை விளிம்பில் தடுப்புக் கம்பிகளும், பார்ப்பதற்குக் கோபுரமும் தொலைநோக்கியும் உள்ளன. அரசு ரோஜாத் தோட்டம், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் ஆகியவை நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்துச் சீமாட்டி ஒருவர் மாலைதோறும் இங்கு வந்து அமர்ந்தார் என்று சொல்லி வருகிறார்கள்.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலமோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கிறது. மலைச்சரிவு செங்குத்தாக இறங்குவதால் இடையில் பார்வையை மறைக்க எதுவும் இல்லை. நேர்க்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டரில் நகரம் தெரிகிறது. அதற்கு மேற்கே தனித்து நிற்பது கஞ்சமலை. இரும்புத்தாதுக்குப் பெயர்பெற்ற இம்மலையின் அடிவாரத்தில்தான் சேலம் உருக்காலை உள்ளது. தெற்கே ஜருகுமலை. மலையடிவாரத்துக்கும் நகரத்துக்கும் இடையே வெளிறித் தெரியும் மேடுகள், உலைகளுக்கான வெப்பந்தாங்கு செங்கல் செய்யப் பயன்படும் வெள்ளைக்கல் வெட்டிய சுரங்கப் பகுதிகள். வானம் தெளிந்த நாளில் மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் மின்னுவதும் புலப்படும். சேலத்தின் புவியியலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் மாவட்டத்தில் இல்லை: நகரம் ஏன் மலைகளுக்கு நடுவே வளர்ந்தது, சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு நகரத்தைக் கடந்து நாமக்கல் பக்கம் ஏன் இறங்குகிறது என்பன இங்கே நின்று பார்த்தாலே விளங்கிவிடும்.

மாசி, பங்குனி மாதங்கள் இங்கு வர ஏற்றவை. உயர வேறுபாட்டால் ஏற்காடு சேலத்தைவிட ஏறக்குறைய 8 பாகை செல்சியஸ் குளிர்ந்திருக்கும். கீழே வெயில் ஏறத் தொடங்கும் இப்பருவத்தில் அந்த வேறுபாடு நன்றாக உணரப்படுகிறது. தோட்டங்களில் கல்யாண முருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும். சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் அறிமுகப்படுத்திய காப்பி இன்றும் இம்மலையின் முதன்மைப் பயிர். அதன் மொட்டுகள் மழைக்காகக் காத்திருக்கும். கோடைத் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்த பத்து நாட்களுக்குள் செடிகள் ஒரே வேளையில் வெள்ளையாக மலர்ந்து, மல்லிகையை ஒத்த மணம் வீசும். பூக்கள் ஓரிரு நாட்களே நிற்பதால் முன்கூட்டித் திட்டமிட்டு இதைக் காண இயலாது.

பெரும்பாலோர் கதிரவன் மறைவதையும், பின்னர் நகரத்து விளக்குகளையும் காணவே மாலையில் வருகிறார்கள். அந்தக் காட்சி அழகானதுதான். ஆனால் மாலைக் கதிரவன் எதிரே நிற்பதால் சமவெளியின் விவரம் மங்கிவிடுகிறது. காலையில் ஒளி பார்ப்பவரின் முதுகுப்புறமிருந்து விழும். பள்ளத்து மூடுபனி விலகிய பின்னும், வெப்பக் கானல் எழுவதற்கு முன்னும் உள்ள சில மணி நேரமே தெளிவானது. மழை பெய்த மறுநாள் தூசி அடங்கியிருப்பதால் பார்வை இன்னும் நெடுந்தொலைவு செல்லும்.

சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் பயணம், பேருந்துகள் உள்ளன. அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக மற்றொரு சாலையும் உண்டு. மாசி, பங்குனி மாதங்களில் சரிவுகளில் புல் காய்ந்து காட்டுத்தீ எளிதில் பரவுமாகையால், தீ மூட்டுவதையும் பீடித் துண்டை எறிவதையும் அறவே தவிர்க்க வேண்டும். மே மாதக் கோடை விழா நாட்களில் கூட்டம் மிகும்.