நாராவில் கண் திறந்தவர்

மலர்க் குழுவினர் கடிதம் போட்டு, "கல்லூரி நினைவுகள் நிறைய வந்துவிட்டன, நீங்கள் சரித்திரமாக ஏதாவது எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். மூன்று மாதமாக எங்கள் பேரையூர் வீட்டில் ஜப்பான் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன். வரலாற்று வகுப்பில் என் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் "இவன் இன்னும் மாறலைப்பா" என்று சிரித்துக்கொள்ளலாம்.

பெங்களூரில் இருக்கும் மகன்தான் ஆரம்பித்தான். "அப்பா, எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை ஜப்பான் போவோம். டோக்கியோவில டிஸ்னிலேண்ட் இருக்கு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றான். நான் நாரா என்றேன். நாராவில் என்ன இருக்கிறது என்று வீடே கேட்டது. "நம்ம மதுரைக்காரர் ஒருத்தர் 1,200 வருஷத்துக்கு முன்னாடி அங்கே போய், பெரிய வெண்கலப் புத்தருக்குக் கண் திறந்து வச்சார்" என்று சொல்லியிருந்தால் விஷயம் ஒரே வரியில் முடிந்திருக்கும். நம் பக்கத்தில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், மேடையிலும் பேசுகிறார்கள். ஆனால் பேத்தி எட்டாம் வகுப்பு. தாத்தா சொன்னதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லுவாள். அவளிடம் எதைச் சொல்வது, எதுவரை சொல்வது என்பதுதான் எனக்குப் பயணச் செலவைவிடப் பெரிய யோசனையாக இருந்தது.

அவர் பெயர் போதிசேனர். பிறப்பு 704. மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் சீனாவின் ஊத்தாய் மலையில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் தென்னாட்டிலிருந்து சீனாவுக்குப் போனவர். 733-இல் ஜப்பானிலிருந்து சீனாவுக்கு வந்த தூதுக் குழு அவரைத் தங்கள் நாட்டுக்கு அழைத்தது. சம்பா நாட்டு (இன்றைய வியட்நாம்) துறவி புத்தெத்சு, சீனத் துறவி தாவோசுவான் ஆகியோருடன் கப்பலேறி 736-இல் போய்ச் சேர்ந்தார். முதலில் கியூஷு தீவு, பிறகு நானிவா துறைமுகம். நானிவா என்பது இன்றைய ஒசாகா. அங்கே கியோகி என்ற புகழ்பெற்ற துறவி அவரை எதிர்கொண்டு வரவேற்றார். தலைநகரான நாராவில் தையான்ஜி மடத்தில் இடம் கொடுத்தார்கள்.

அவர் போன நேரம் நல்ல நேரமில்லை. 735-இல் தொடங்கிய பெரியம்மை 737 வரை ஜப்பானை வாரிக்கொண்டு போனது. மக்கள் தொகையில் நாலில் ஒரு பங்கு, ஒருவேளை அதற்கும் மேல் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அரசை நடத்திய ஃபுஜிவாரா சகோதரர்கள் நாலு பேரும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். ஊருக்கு அம்மை வந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் நாம். ஷோமு பேரரசர் 743-இல் மாபெரும் புத்தர் சிலை வார்ப்பதாகச் சங்கற்பம் செய்துகொண்டதன் பின்னணியில் அந்த அம்மையும், பஞ்சமும், உள்நாட்டுக் கலகமும் இருந்தன.

752-இல் தோதாய்ஜி கோயிலில் கண் திறப்பு விழா. ஷோமு அதற்குள் பட்டத்தை மகளிடம் விட்டிருந்தார், உடம்பும் சரியில்லை. தம் சார்பில் கண் திறக்கும்படி போதிசேனரைக் கேட்டுக்கொண்டார். பத்தாயிரம் துறவிகள் கூடியதாக அவர்களுடைய அரசாங்க நாளாகமம் சொல்கிறது. போதிசேனர் பிடித்த தூரிகையில் நீளமான நீலப் பட்டுக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுபக்கத்தைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், புண்ணியம் எல்லாருக்கும் சேரட்டும் என்று. இதைச் சொன்னதும் என் மனைவி, "நம்ம ஊர்ல புரவி எடுப்புக்கு வேளார் மண்குதிரைக்குக் கண் திறப்பாரே, அது மாதிரியாங்க?" என்றாள். அதே மாதிரிதான். கண் திறக்கிறவரை பொம்மை, திறந்த பிறகு சாமி.

அந்தத் தூரிகையும் கயிறும் இன்றைக்கும் இருக்கின்றன என்பதுதான் என்னால் நம்ப முடியாத விஷயம். 1180-இல் போரில் கோயில் எரிந்தது. சிலையைச் சீர்செய்து 1185-இல் மறுபடி கண் திறந்தபோது, துறவு பூண்ட பேரரசர் கோ-ஷிரகாவா அதே பழைய தூரிகையைத்தான் எடுத்தார். 1567-இல் மறுபடி தீ. இன்று நாம் பார்க்கும் மண்டபம் 1709-இல் முடிந்தது. ஏறத்தாழ 15 மீட்டர் உயரச் சிலையிலும் பழைய பகுதி கொஞ்சம்தான், மற்றது பிற்கால வேலை. தூரிகை மட்டும் ஷோசோயின் களஞ்சியப் பொருள்களில் ஒன்றாகப் பிழைத்துக் கிடக்கிறது.

இனி மதுரை விஷயம். போதிசேனர் 760-இல் காலமானார். பத்து வருஷம் கழித்து அவருடைய சீடர் ஷூயெய் எழுதிய நினைவுரை நமக்குக் கிடைக்கிறது. அதன் தலைப்பிலேயே அவர் 'தென் இந்தியப் பிராமணத் தலைமைத் துறவி'. குலப்பெயரைப் பாரத்வாஜர் என்று பொருள் கொள்கிறார்கள். மதுரை என்ற பெயரை அதில் காணோம். பாண்டிய நாட்டில் அந்தக் காலத்தில் பௌத்தம் இருந்ததா என்றால், இருந்து தேய்ந்துகொண்டிருந்தது. 640 வாக்கில் காஞ்சி வரை வந்த யுவான் சுவாங், தெற்கே மலகூட நாட்டில் விகாரைகள் பலவும் இடிந்து கிடப்பதாக எழுதிவைத்தார். அப்படிப்பட்ட நாட்டிலிருந்து ஓர் இளைஞர் வெளிநாடு போயிருப்பது நடக்கக்கூடியதே. நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. காஞ்சிக்காரராகவும் இருக்கலாம், ஆந்திரராகவும் இருக்கலாம்.

நம் சோழர் கல்வெட்டுகளைப் படிக்க நொபொரு கராஷிமா 1960-களில் அங்கிருந்து இங்கே வந்தார், ஆயுள் முழுக்க அதைச் செய்தார். போதிசேனரை மதுரைக்காரர் என்று கைதட்டும் நம்மில் எத்தனை பேர் அந்த நினைவுரையைத் தேடியிருக்கிறோம்? பேத்தியிடம் "தென்னாட்டுக்காரர், அவ்வளவுதான் தெரியும்மா" என்றேன். "அப்ப நம்ம ஊரா இல்லாமலும் போகலாம்ல தாத்தா?" என்றாள். போகலாம் என்றேன். "பரவாயில்லை, போவோம்" என்றாள். டிஸ்னிலேண்ட் கட்சியில் ஒரு ஓட்டு குறைந்தது.

எப்போது போவது என்பதில்தான் இழுபறி. செர்ரி பூப்பது மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஷோசோயின் பொருள்களில் சிலவற்றை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கொரு முறை, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை, ஏறக்குறைய 17 நாள் வைக்கிறார்கள். அங்கே உள்ள பொருள்கள் சுமார் 9,000. ஒரு வருஷத்தில் வெளியே வருவது அறுபது சொச்சம். தூரிகை எல்லா வருஷமும் வராது. அது வரும் வருஷம் தீபாவளியும் அந்தத் தேதியிலேயே விழுந்தால்? "தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிட்டா போவாங்க?" என்று மனைவி ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

வழி மட்டும் முடிவாகிவிட்டது. இறங்குவது ஒசாகாவில், அவர் இறங்கிய இடமல்லவா. நம்பாவிலிருந்து கின்தெத்சு ரயிலில் நாரா 40 நிமிஷம். வழியில் ரயில் பழைய அரண்மனை வளாகத்தின் நடுவிலேயே போகிறது, ஜன்னலோரம் உட்கார வேண்டும். முதல் நாள் தோதாய்ஜியும் மான்களும். மறுநாள் தையான்ஜி. ஒரு காலத்தில் ஏழடுக்குக் கோபுரம் இரண்டு நின்ற மடம், இப்போது சின்னக் கோயில். பிறகு தோமியோ நிலையத்தில் இறங்கி, பஸ்ஸில் ரியோசென்ஜி. போதிசேனரின் சமாதி என்று அங்கேதான் காட்டுகிறார்கள். மருமகளுக்காகக் கியோட்டோவுக்கு இரண்டு நாள் ஒதுக்கியாயிற்று.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. 'ஹ' இருக்கும் இடத்தில் முன்பு 'ப' ஒலித்தது. நம் வரிசை மாதிரியே இருக்கக் காரணம், அங்குள்ள துறவிகள் சமஸ்கிருத எழுத்தைப் படித்ததுதான். தமிழும் ஜப்பானியமும் உறவு என்றார் சுசுமு ஓனோ, மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, ஸ்டேஷன் பெயர் படிக்க உதவும். பேரன் இப்போதே 'நாரா'வை எழுதிவிடுகிறான்.

நம் பழைய மாணவர்கள் யாராவது ஒசாகா, நாரா பக்கம் இருந்தால் மலர்க் குழு மூலமாக ஒரு வரி எழுதுங்கள். அங்கே மீன்சாறு கலக்காத சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று மனைவி கேட்கச் சொன்னாள்.