ஷாமாக்கும் சாமையும்

ரிஷிவந்தியத்துக்கு மேற்கே அமைந்துள்ள கல்வராயன் மலைச்சரிவுகளில், மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகச் சாமையும் தினையும் விளைவித்து வந்துள்ளனர். நெல்லுக்கு இடந்தராத கல்லடர்ந்த மேட்டு நிலத்தில் சாமை நிலைத்த வரலாறு ஆராயத்தக்கது.

1333இல் சிந்து நதியை அடைந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இந்தியத் தானியங்களை விவரிக்கையில் 'ஷாமாக்' என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறார். அது பெரும்பாலும் விதைக்காமலேயே முளைப்பது என்றும், துறவிகளுக்கும் ஏழைகளுக்கும் உணவாவது என்றும் கூறும் அவர், எருமைப்பாலில் காய்ச்சிய அதன் கஞ்சியைத் தாமும் விரும்பி உண்டதாக எழுதுகிறார். அவர் உண்டது குதிரைவாலி இனமாகவும் இருக்கலாம். ஆயினும் அப்பெயரும் 'சாமை' என்பதும் சியாமாகம் என்னும் ஒரே வடசொல்லைச் சார்ந்தவை.

சாமையின் இலை, தன் நுண்துளைகளைச் சிறிதளவே திறந்தும் போதிய கரியமில வாயுவை ஏற்க வல்லது. ஆகவே வெயிலில் அது இழக்கும் நீர் நெல்லைவிடக் குறைவு. ஏறத்தாழ மூன்று மாதங்களில் முற்றிவிடுவதால், மழைக்காலம் முடியுமுன் விளைச்சலைத் தந்துவிடுகிறது. உமியோடு சேமித்த மணி நெடுநாள் கெடாதிருக்கும்.

எனினும் 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் போன்று வறட்சி எல்லை மீறுமாயின், புன்செய்ப் பயிர்களும் கருகும். அப்போது மறுமழைக்கு வேண்டியது குதிரில் காத்த விதையே.

இன்று கள்ளக்குறிச்சிப் புன்செய்களில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பரவியுள்ளன. காட்டுப்புல் தானே முளைக்கும். மனிதர் பயிராக்கிய சாமையோ ஆண்டுதோறும் அவர்தம் கையை நாடி நிற்கிறது. விதைப்போர் இல்லாவிடில், குதிரில் உள்ள விதையும் சில ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும்.