தகப்பனின் கை, பிள்ளையின் தலை

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் இரவு நேரக் குடும்ப ஜெபம் நமக்கெல்லாம் பழக்கமானது. பாட்டு முடிந்து, சங்கீதம் வாசித்து, எல்லாரும் முழங்காற்படியிட்டதும் அப்பா ஜெபிக்கத் தொடங்குவார். நாட்டுக்காக, திருச்சபைக்காக, ஐயருக்காக, படுக்கையில் கிடக்கும் பெரியம்மாவுக்காக ஜெபித்து முடித்தபின் பிள்ளைகளின் முறை வரும். "ஆண்டவரே, இவன் கணக்கில் கவனமே இல்லாமல் இருக்கிறான், எந்நேரமும் செல்போனும் கையுமாக அலைகிறான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்." கண்ணை மூடியிருக்கும் பையனுக்கு இது யாருக்குச் சொல்லப்பட்டது என்று நன்றாகவே தெரியும். வேறு நேரத்தில் ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது முனகியிருப்பான். ஜெபத்தில் அதற்கும் வழியில்லை.

இதை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் அப்பாவின் கை தன் தலைமேல் எப்போதெல்லாம் இருந்தது என்று அதே பையனைக் கேட்டால், பொதுத்தேர்வு நாள் காலை என்பான். போனால் போகிறது என்று பிறந்தநாளையும் சேர்த்துக்கொள்வான். ஆசீர்வாதத்தைப் பெரிய நாட்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, அன்றாடம் திருத்தத்தை மட்டுமே பரிமாறுகிறோம்.

பிள்ளைகளை ஆசீர்வதித்த தகப்பன்மாரை வேதத்தில் தேடிப் போனால், நாம் போய் நிற்பது சிக்கலான ஒரு குடும்பத்தின் வாசலில். ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு தன் ஆசியை ஒரே ஒருவனுக்கு உரிய சொத்தாக வைத்திருக்கிறார். அதையும் வேட்டை இறைச்சி சமைத்துக் கொண்டுவருகிறவனுக்குத்தான் தருவாராம். தாய் ஒரு பிள்ளை பக்கம், தகப்பன் இன்னொரு பிள்ளை பக்கம். இளையவன் யாக்கோபு வஞ்சித்து வாங்கிக்கொண்டு போனபின் ஏசா வந்து, தனக்கென்று ஒன்றாவது மீதியிருக்கிறதா என்று கதறுகிறான். மோரியா மலை ஏறும்போது இதே ஈசாக்கு தன் தகப்பனிடம் கேட்டதை விட்டுவிட்டால், வேதத்தில் ஒரு மகன் தகப்பனைக் கேட்ட கேள்விகளில் இதைவிடக் கனமானது எனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் வளர்ந்த யாக்கோபு, யோசேப்புக்கு மட்டும் தனி அங்கி தைத்துக் கொடுத்து அதே தவற்றைத் தொடர்ந்தார். அதன் விலையை அவரே கொடுத்தார். ஆனால் எகிப்தில் சாகக் கிடந்தபோது, எப்பிராயீம், மனாசே என்ற பேரன்மாரை அவர் ஆசீர்வதித்த விதம் வேறு. அவர் கைகளை மாற்றி வைத்ததைப் பற்றி உரைகாரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்பு நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் எகிப்தியத் தாய்க்குப் பிறந்தவர்கள். அவளுடைய தகப்பன் ஓன் பட்டணத்து ஆசாரியன். ரூபனும் சிமியோனும் தனக்கு எப்படியோ அப்படியே இவர்களும் என்று கிழவர் உரிமை கொடுத்து, அவர்களை முத்தமிட்டு, அணைத்துக்கொள்கிறார். கை தலைமேல் போனது அதற்குப் பிறகுதான். பிள்ளை எதையும் சாதிக்கும் முன்பே, 'நீ என்னுடையவன்' என்று சொல்லப்பட்டது.

அடுத்த அதிகாரத்தில் பன்னிரண்டு பேரின் முறை. அங்கே யாக்கோபு யாரையும் வெறுமனே புகழவில்லை. ரூபனின் குற்றத்தைச் சொல்கிறார். சீகேமில் இரத்தம் சிந்திய சிமியோன், லேவி இருவரின் கோபத்தைச் சபிக்கிறார். இருந்தும் முடிவில், அவனவனுக்கு உரிய ஆசீர்வாதத்தை அளித்தார் என்று பன்னிரண்டு பேரையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. பிள்ளையை ஊன்றிப் பார்த்துச் சொன்ன கடும் சொல்லும் ஆசியின் கணக்கில் வருகிறது என்றால், இக்காலப் பெற்றோர் வாய் ஓயாமல் சொல்லும் 'சூப்பர், சூப்பர்' அந்தக் கணக்கில் வருமா என்பது சந்தேகமே. லேவியின் கதை அங்கேயே முடிந்துவிடவுமில்லை. அவன் வம்சத்தில் வந்த ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும்தான், எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரை ஆசீர்வதிக்கும் வார்த்தைகள் கொடுக்கப்பட்டன. ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் நம்மேல் கூறப்படுவதும் அதுவே. 1979இல் எருசலேமுக்கு அருகே கெத்தேப் இன்னோம் கல்லறைகளில் கிடைத்த இரண்டு சிறு வெள்ளிச் சுருள்களில் இதே ஆசி பொறிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய 2600 ஆண்டுகளுக்கு முன் யாரோ அதைச் சுருட்டி உடம்பில் அணிந்திருந்தார்கள்.

தகப்பனிடம் ஆசி பெறாதவர் பிள்ளைக்கு எதைக் கொடுப்பார்? மார்ட்டின் லூத்தரின் வாழ்க்கை இந்தக் கேள்விக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. செம்புச் சுரங்கத் தொழிலில் இருந்த அவருடைய தகப்பன் ஹான்ஸ், மகனை வழக்கறிஞராக்க நினைத்தார். அடியும் அதிகம். ஒரு கொட்டைக்காகத் தாய் இரத்தம் வரும்வரை அடித்ததை லூத்தர் பெரியவரான பிறகும் நினைவுகூர்ந்திருக்கிறார். 1505இல் இடிமின்னலுக்குப் பயந்து பண்ணிய பொருத்தனைப்படி அவர் மடத்தில் சேர்ந்தபோது தகப்பனுக்கு மனம் ஆறவில்லை. 1507இல் அவர் நடத்திய முதல் திருப்பலிக்கு வந்திருந்த ஹான்ஸ், விருந்து நடக்கும்போதே, பெற்றோரைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளை நினைவிருக்கிறதா என்று கேட்டார். வாழ்வின் பெரிய நாளில் மகனுக்குக் கிடைத்தது அதுதான்.

1525இல் லூத்தர் மணம் முடித்தார். தகப்பனோடு உறவும் சீரடைந்தது. 1530இல் ஆக்ஸ்பர்க்கில் பேரரசின் மன்றம் கூடியபோது, தேசப்பிரஷ்டம் செய்யப்பட்டிருந்ததால் அங்கே போக முடியாமல் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தார். தகப்பன் இறந்துவிட்ட செய்தி ஜூன் 5ஆம் தேதி அங்கே வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவர், மறுநாள் தலை வலிக்கும் அளவுக்கு அழுதாராம். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 19ஆம் தேதி, விட்டன்பர்க்கில் இருந்த நான்கு வயது மகனுக்குக் கடிதம் எழுதினார். அவன் பெயரும் ஹான்ஸ், தாத்தாவின் பெயர்.

அந்தக் கடிதத்தில் இறையியல் வாதம் ஒன்றும் இல்லை. அழகான தோட்டம் ஒன்றைத் தனக்குத் தெரியும் என்கிறார். பிள்ளைகள் பொன் அங்கி போட்டுக்கொண்டு ஆப்பிளும் பேரிக்காயும் செர்ரியும் பொறுக்குகிறார்கள். பொன் கடிவாளமும் வெள்ளிச் சேணமும் பூட்டிய குட்டிக் குதிரைகள் நிற்கின்றன. என் மகன் ஹான்ஸும் வரலாமா என்று தோட்டக்காரரைக் கேட்டேன், ஜெபம் செய்து, படித்து, நல்ல பிள்ளையாக இருந்தால் வரலாம் என்றார் என்று எழுதுகிறார். விளையாட்டுத் தோழர்கள் லிப்புஸுக்கும் யோஸ்டுக்கும் அனுமதி உண்டு. வீட்டில் இருந்த லேனா பாட்டிக்கும் உண்டு. 'நல்ல பிள்ளையாக இருந்தால்' என்ற நிபந்தனையை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் ஐரோப்பாவே கலங்கிக் கிடந்த மாதத்தில், தகப்பனைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்த ஒருவர், நான்கு வயதுக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்திருக்கிறார். முந்தின ஆண்டு அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், வீட்டார் காலையிலும் இரவிலும் சொல்லவேண்டிய ஜெபங்களைக் குடும்பத் தலைவர் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார். நம் குடும்ப ஜெபத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

தாய்மாரைப் பற்றிப் பேசும்போது, ஜான், சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய் சுசன்னா வெஸ்லியை விட முடியாது. மென்மையான தாய் என்று அவரைச் சொல்ல மாட்டேன். குழந்தை அழுதாலும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டும் என்ற கண்டிப்புக்காரர். ஆனால் 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில், மாலைதோறும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசும் ஏற்பாட்டைச் சொல்கிறார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, வியாழன் ஜான், சனி சார்லஸ். இருபது ஆண்டுகள் கழித்தும் ஜான் அந்த வியாழன் மாலை நேரத்தைக் கேட்டுத் தாய்க்கு எழுதினார். செவ்வாய்க்கிழமைக்குரிய ஹெட்டியின் கதை வேறு. கிரேக்கம் படித்தவள், கவிதை எழுதியவள். 1725இல் மணமாகாமல் கருவுற்று வீடு திரும்பியதும் அவசரமாக அவளுக்கு ஒரு திருமணம் நடந்தது. போதகரான தகப்பன் சாமுவேல் அவளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். அவள் கெஞ்சி எழுதிய கடிதங்களாலும் ஒன்றும் நடக்கவில்லை. தவறினவர்களுக்கும் அன்பு காட்ட வேண்டும் என்று ஜான் பிரசங்கம் பண்ணியபோது தகப்பனுக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகளுக்குக் கோபமூட்டி அவர்களைத் திடனற்றுப்போகச் செய்ய வேண்டாம் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதை அந்தப் போதகர் எத்தனை முறை வாசித்திருப்பார்!

பெண்பிள்ளை என்றதும் யாக்கோபிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. அவருடைய மரணப் படுக்கையைச் சுற்றிப் பன்னிரண்டு ஆண்மக்களுக்கும் சொல் கிடைத்தது. மகள் தீனாளின் பெயர் அங்கே இல்லை. யூதர்கள் வெள்ளி இரவுதோறும் மகன்களை எப்பிராயீம், மனாசே போல ஆகும்படி வாழ்த்தும்போது, மகள்களுக்காகச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்களைச் சொல்கிறார்கள்.

யோபு அதையும் தாண்டிப் போனார். புத்தகத்தின் தொடக்கத்தில் அவர் கவலைப்படும் தகப்பன். விருந்துக்குப் போன பிள்ளைகள் ஒருவேளை பாவம் செய்திருப்பார்களோ என்று விடியற்காலமே எழுந்து பலி செலுத்துகிறவர். எல்லாவற்றையும் இழந்து மீண்ட பிறகு அவருக்கு ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறக்கிறார்கள். பெயர் சொல்லப்படுவது பெண்களுக்கு மட்டுமே: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். சகோதரரோடு அவர்களுக்கும் சுதந்தரம் கொடுத்தார். திருவிதாங்கூரில் 1916இன் சட்டம் கிறிஸ்தவ மகளுக்குக் கொடுத்தது, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே சம பங்குக்கு வழி பிறந்தது. இன்றும் மகளின் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு, வீட்டை மகன் பெயருக்கு எழுதும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நம்மிடையே குறைவில்லை. மோசேயின் பிரமாணப்படி, செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் போல, சகோதரன் இல்லாத பெண்ணுக்குத்தான் சொத்து. ஏழு மகன்கள் இருந்த யோபுவை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.