அரக்கும் வண்ணமும்: எல்லை நிலத்தின் கைவினை மரபு

குழந்தை தீட்டும் வண்ணம் விரலில் ஒட்டும். விரல் வாய்க்குச் செல்லும். எனவே பிள்ளைகளின் வண்ணப் பொருள்கள் எதனால் ஆனவை என்ற வினா அழகியலோடு நில்லாது, உடல்நலத்தையும் மண்ணையும் தொடுகிறது. ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தார் இவ்வினாவுக்கு விடை தேடத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. பெங்களூருக்கு அப்பால், மைசூர்ச் சாலையில் உள்ள சென்னப்பட்டணத்தின் அரக்கு வண்ணக் கலை அவ்விடையின் ஒரு பகுதியைத் தாங்கி நிற்கிறது.

இன்று மாநில எல்லை பிரிக்கும் இந்நிலங்கள் ஒருகாலத்தில் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால், ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் அரசைச் சேர்ந்திருந்து, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் வசமாயிற்று. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இக்கலையைக் கற்பித்தார் என்பது சென்னப்பட்டணத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய நுட்பங்களை அங்கு அறிமுகப்படுத்தியவராகப் பாவாஸ் மியான் போற்றப்படுகிறார்.

செய்முறை எளிமையானது. வெட்பாலை மரத்தைக் கடைசல் பொறியில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துவர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். கரைப்பான் வேண்டா, தூரிகையும் வேண்டா. பெட்ரோலியத்திலிருந்து பெறும் பாரஃபின் மெழுகால் ஆன இன்றைய கிரேயானுக்கு, பூச்சி சுரக்கும் பிசினாலாகிய இக்குச்சியை ஒரு மூத்த உறவு எனலாம்.

அப்பூச்சியைப் பற்றிய அறிவியலிலும் இவ்வட்டாரத்திற்குப் பங்குண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அரக்குப் பூச்சிகளை ஆராய்ந்த செய்யது மஹ்திஹசன், கன்னடத்தில் ஜாலாரி எனப்படும் மரத்தில் வாழும் இனத்தை 1923இல் மைசூரின் பெயரால் வகைப்படுத்தினார்.

மஞ்சளும் அவுரியும் இக்கலையின் பழைய வண்ணங்கள். 1856இல் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தபின், மலிவான இரசாயன வண்ணங்கள் உலகெங்கும் பரவின; சென்னப்பட்டணத்துப் பட்டறைகளும் அதற்கு விலக்கல்ல. ஈயம் கலந்த பூச்சுகளின் தீங்கு பின்னரே பரவலாக உணரப்பட்டது. 2007இல் மாட்டெல் நிறுவனம் ஈயப் பூச்சின் பொருட்டு இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது.

எனினும் பழமையே தூய்மைக்குச் சான்றாகிவிடாது. முகலாய ஓவியக் கூடங்களில் மஞ்சளுக்குப் பயன்பட்ட அரிதாரம் ஆர்சனிக்கு சேர்ந்தது; சிவப்புக்கு உதவிய இங்குலிகம் பாதரசம் சேர்ந்தது. இரண்டும் மண்ணில் கிடைப்பவையே. ஆதலின் ‘இயற்கை’ என்ற சொல்லைக் கேட்டு அமைதியடைதல் தகாது. உட்பொருள் இன்னது என்று அறிந்து, அதை வெளிப்படையாகச் சொல்வதே உண்மையான அளவுகோல்.

சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி முதல் செயல்படுகிறது. பதிவுபெற்ற கைவினைஞருக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளருக்கும் அதில் விலக்களிக்கப்பட்டது. புவிசார் குறியீடு பெற்ற சென்னப்பட்டணப் பொம்மைகள் இவ்வகையில் அடங்கும். ஏழைத் தொழிலாளியைக் காக்கும் இச்சலுகை, வண்ணத்தின் தூய்மைக்கான பொறுப்பை அவருடைய மனச்சான்றிடமே விட்டுவிடுகிறது.

அப்பொறுப்பை ஏற்க இயலும் என்பதற்கு ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா ஒரு சான்று. அங்கு அரக்குக் கலைக்குத் தாவரச் சாயங்களை மீட்டளித்த சி.வி. ராஜு, 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கும், உழைப்பு மிகுதி, விலையும் கூடும் என்பன மெய்யே. ஆனால் அவ்விலையை வாங்குவோர் தர மறுத்தால், அதனைக் குழந்தைகளும் நீர்நிலைகளும் செலுத்த நேரிடும்.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியதுமுதல் ஒசூர் இயந்திர நுட்பத்தில் வளர்ந்துள்ளது. அதன் அண்டையில் தலைமுறைகள் காத்த வண்ண அறிவு இருக்கிறது. இரண்டும் இணைந்தால், இவ்வட்டாரப் பள்ளிகளின் வண்ணக் குச்சிகள் இம்மண்ணிலேயே, அச்சமற்ற பொருள்களால் உருவாகக்கூடும். உட்பொருளைக் கேட்டு வாங்கும் ஆசிரியரும் பெற்றோரும் அதற்கு வழி திறப்பர்.